நினைவில் முளைத்த பாலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1984ஆம் ஆண்டுத் தைப்பூசத்திற்குப் மலேசியப் பெருநிலத்தையும் பினாங்குத் தீவையும் இணைக்கும் பினாங்குப் பாலம் வழியாகத்தான் தீவிலுள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சென்றோம் என்று என் அண்ணன் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார். பாலம் திறக்கப்பட்டதோ 1985இல். அவர் பொய் சொல்லவில்லை. நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மூளை நிகழ்வைப் புதிதாகக் கட்டுவதால், பின்னாளில் பலமுறை கடந்த பாலம் பழைய ஃபெர்ரிப் பயணத்திற்குள் புகுந்துவிட்டது.

கேட்கப்படும் கேள்வியின் சொல்லும் நினைவை இப்படி மாற்றக்கூடும். 1974இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டசும் ஜான் பாமரும் நடத்திய ஆய்வில், விபத்துப் படத்தைப் பார்த்தவர்களுள் கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் எனக் கேட்கப்பட்டவர்கள், வெறுமனே 'மோதியபோது' எனக் கேட்கப்பட்டவர்களைவிட அதிக எண்ணிக்கையில், படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாக ஒரு வாரம் கழித்துக் கூறினர். ஆகவே, சாலை விபத்துச் சாட்சிகளை விசாரிப்போர் தம் கேள்வியின் சொற்களையும் பதிவு செய்ய வேண்டும்.

(அன்று நாங்கள் சென்ற காரின் நிறம் குறித்து எனக்கும் அண்ணனுக்கும் இன்றும் வழக்குதான்.)

இப்படிக்கு,
வாசகர், பட்டர்வொர்த்