ஓர் ஆல்டோவின் நன்றி மடல்

அன்பு அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

2020 ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு மாலை பாட வேண்டியதை 2022 குருத்தோலை ஞாயிறன்று ஒருவழியாகப் பாடி முடித்தோம். பாளையங்கோட்டையில் எங்கள் கொயர், அதாவது பாடகர் குழு, பாடிய 'மெசையா'வைத்தான் சொல்கிறேன்; இயேசுவைப் பற்றி ஹேண்டல் இசையமைத்த நீண்ட பாட்டுத் தொகுப்பு அது. அதில் நான் ஆல்டோ, பெண்களில் தாழ்ந்த குரல். மேடையில் நின்ற எங்களுக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டது. கிடைக்காதவர்களுக்கு இந்த மடல்.

முதலில் அச்சகத்து அண்ணாச்சி. அழைப்பிதழ் கட்டு வந்து இறங்கிய வாரம்தான் மார்ச் 25 ஊரடங்கு. பாதிப் பணம் பாக்கி. "கச்சேரி நடக்கட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றவர், இரண்டு வருடம் கழித்து, தேதியின் மேல் ஒட்ட ஸ்டிக்கரும் அடித்துத் தந்தார். ஸ்டிக்கருக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்து எங்கள் கொயர் மாஸ்டர். கோயில் திறந்ததுமே பயிற்சியைத் தொடங்கச் சொல்லி அவரை நச்சரித்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து கொயர் ஒன்றின் கதையைச் சொன்னார். 2020 மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேரப் பயிற்சி. வந்தவர்கள் 61 பேர். உறுதியானது, அப்படிக் கருதப்பட்டது எல்லாம் சேர்த்து 53 பேருக்குத் தொற்று, இரண்டு பேர் இறந்தார்கள். "மூச்சை இழுத்து விடுறதுதானே நம்ம வேலை" என்றார். அன்று மனதுக்குள் அவரைத் திட்டினேன். மன்னிக்கணும், சார்.

ஜூமில் சேர்ந்து பாடிப் பார்த்தோம். ஒருவர் 'லூயா'வை முடிக்கும்போது இன்னொருவர் 'அல்லே'யில் இருப்பார். சரி, இது ஆகாது என்று விட்டோம். அப்போது கீபோர்டு தம்பிதான் நான்கு குரலையும் தனித்தனியாக வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எங்களில் பாதிப் பேருக்குக் கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் வராது, சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் டோனிக் சோல்ஃபாதான். அதையும் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினான்.

1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் 'மெசையா' முதன்முதலாக அரங்கேறியபோது, கூட்டத்துக்கு இடம் போதாதென்று பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்களாம். நாங்களோ வேப்பமரத்தடியில் ஆறடிக்கு ஒருவராக நின்று பயிற்சி செய்தோம். சனிக்கிழமைதோறும் பெஞ்சுகளை வெளியே போட்டு, திரும்ப உள்ளே இழுத்துப் போட்ட, கோயிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை ஐயாவுக்கு என் தனி நன்றி. நாங்கள் யாரும் ஒரு கை கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாகப் பக்கத்து வீட்டு மதினி. ஆல்டோவுக்கு மெட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, பல இடங்களில் ஒரே சுரத்தில் நிற்க வேண்டும். அதை இரண்டு வருடம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டவர் அவர். "ஏட்டி, ராகமே இல்லாம ஒரே இடத்துல நிக்கியே" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். கச்சேரிக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். 'அல்லேலூயா' பாட்டுக்கு வழக்கப்படி எல்லோரும் எழுந்ததும் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவரும் எழுந்தார். முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மத்தவங்க பாடுறது வீட்டுல கேக்கல, பாத்தியா."