சிப்பி ஓட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளை நத்தை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்தது. சிப்பிகளை எடை போடுவதற்கு முன் ஓட்டில் ஒட்டியிருப்பதையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுகிறோம், அரிசி மணி போல வெள்ளையாக ஏதோ நத்தையும் அதோடு போய்விடுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

நீ சொல்வதைப் பார்த்தால் அது பூனியா இம்ப்ரெசாவாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் சிப்பிகளை ஒட்டி வாழும் ஒட்டுண்ணி அது. அமெரிக்க இயற்கையியலாளர் தாமஸ் சே 1822-லேயே அதை விவரித்துப் பெயரிட்டுவிட்டார். வளர்ந்த நத்தையே சில மில்லிமீட்டர்தான். நத்தை ஓட்டைச் சுற்றி ஓடும் ஆழமான வரிகளை லென்ஸில் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

இனிமேல் கழுவுமுன் ஒரு சிப்பியை அப்படியே கடல்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, பொறுமையாகக் கவனி. சிப்பி வாயைத் திறந்ததும் நத்தை ஓட்டின் விளிம்புக்கு ஊர்ந்து வரும். தலையில் தட்டையான முக்கோண உணர்கொம்புகள் இரண்டு, அவற்றின் அடியில் உள்பக்கமாகக் கருப்புப் புள்ளியாய்க் கண்கள். அப்புறம் தலைக்குள் மடங்கிக் கிடக்கும் உறிஞ்சுகுழல் மெல்ல நீண்டு வெளியே வரும். இத்தனை சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு நீளமா என்று இருக்கும்! சாதாரண நத்தைகளுக்குச் சுரண்டித் தின்ன ராடுலா என்ற பல்வரிசை உண்டே, இதற்கு அது கிடையாது. குழலின் முனையால் சிப்பியின் மேன்டில், அதாவது ஓட்டுக்குள் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தசை மடிப்பு, அதன் ஓரத்தைப் பற்றிக்கொண்டு, உள்ளேயிருக்கும் ஊசியால் துளைத்து, தொண்டையில் உள்ள பம்ப் போன்ற தசையால் உடல் திரவத்தை உறிஞ்சும். சிப்பியைக் கொன்றுவிடாது. ஆனால் நிறைய நத்தைகள் சேர்ந்து குடித்தால் சிப்பியின் வளர்ச்சி குறையும். நீ எடை போடுகிறவள், உனக்கு இது முக்கியமில்லையா?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சிப்பிகளைத் தாக்கும் டெர்மோ நோய் பற்றி உனக்குச் சொல்லியிருப்பார்கள். அதை உண்டாக்கும் பெர்கின்சஸ் மரினஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியை 1950-இல் முதலில் விவரித்தபோது பூஞ்சை என்றே நினைத்தார்கள். அப்போது வைத்த டெர்மோசிஸ்டிடியம் என்ற பெயரின் மிச்சம்தான் இந்த டெர்மோ. நீர் சூடாகவும் உப்பு அதிகமாகவும் இருக்கும்போது அது சிப்பிகளைக் கூட்டம் கூட்டமாகச் சாகடிக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நோயுள்ள சிப்பியில் குடித்த பூனியா அடுத்த சிப்பிக்குப் போய்க் குடிக்கும்போது நோயையும் கொண்டுபோகிறது என்று 1987-இல் ஆய்வில் காட்டினார்கள். நத்தை இல்லாமலே நீர் வழியாகவும் நோய் பரவும் என்பது உண்மைதான். அதற்காக நத்தையைக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது.

ஆகவே இரண்டு காரியம் செய். கழுவுவதற்கு முன்பே நத்தைகளைப் பொறுக்கி எண்ணி, எந்தச் சிப்பியில் எத்தனை என்று தனித்தனியாக எழுதி வை. சராசரி மட்டும் போதாது. ஒரு சிப்பியில் கொத்தாக இருக்கும், பக்கத்துச் சிப்பியில் ஒன்றுகூட இருக்காது. இரண்டாவது, கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று விசாரி. மற்ற சிப்பிகள் இருக்கும் தொட்டிக்கே போனால் உடனே மேலதிகாரியிடம் சொல். புதியவள் எப்படிச் சொல்வது என்று தயங்காதே.

நத்தை ஓட்டின் நுனியையும் மறக்காமல் பார், கண்ணு. குஞ்சுப் பருவத்து ஓடு இடப்பக்கம் சுருண்டு, பெரிய ஓட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அதன் பிறகு வளர்ந்ததெல்லாம் வலப்பக்கச் சுருள். ஒரே உயிர் பாதியில் திசை மாறுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கையுறை இல்லாமல் சிப்பியைத் தொடாதே. வெயில் காலத்துக் கடல்நீரில் விப்ரியோ கிருமி இருக்கும். ஓடு கிழித்த சின்னக் காயம் வழியாகக்கூட உள்ளே போய்விடும். காயம் சிவந்து வீங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பார், நாளை என்று தள்ளிப்போடாதே.

எண்ணிக்கையை எழுதி அனுப்பு. முடிந்தால் குழல் நீட்டியிருக்கும் நத்தையைப் பென்சிலால் வரைந்து அதோடு வை.

அன்புடன்,
அம்மா