காட்டர் பின்னைக் கழற்றித் தந்த பெரியவருக்கு நன்றி

தாத்தாவின் கம்பி பிரேக் ஹெர்குலிஸ் சைக்கிளை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்கிறேன். எல்லாம் கழன்றது, கிராங்கை, அதாவது பெடல் மாட்டும் தண்டை, அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின் மட்டும் அசையவில்லை. உதிரிபாகக் கடையில் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர், விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்கே வந்துவிட்டார்.

மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தார். நட்டை முழுக்கக் கழற்றாமல் பின்னின் நுனிக்குச் சமமாக நிறுத்தினார், மரை நசுங்காதாம். கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஓங்கி ஒரே அடி! முட்டு இல்லாவிட்டால் அடி முழுக்க உள்ளே இருக்கும் பேரிங் பால்ஸுக்குத்தான் போகுமாம். அப்புறம், புதுப் பின் இரண்டையும் எதிரெதிராகப் போடச் சொன்னார். இல்லையென்றால் பெடல்கள் நேர்க்கோட்டில் நிற்காது.

காசு நீட்டினால் டீ போதும் என்றார், அதுவும் சர்க்கரை இல்லாமல். பெயர் கேட்டதற்குச் சிரிப்புதான் பதில்.

ஐயா, வண்டி ஓடுகிறது. செயின் கவர் மட்டும் பாக்கி. ரொம்ப நன்றி.