கொலைகாரனைக் கற்பனை செய்யுங்கள், மிளகாயை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சோழர் காலக் கதை ஒன்று திரைக்கு வந்தால் போதும், உங்கள் கடிதப் பகுதி சூடாகிவிடுகிறது. அரசனை இப்படிக் காட்டலாமா, அரசியை அப்படிப் பேசவைக்கலாமா, அவன் எந்தச் சமயம், எந்தச் சாதி என்று வாரக்கணக்கில் வாதம் நடக்கிறது. அந்தக் கதையின் அரண்மனை அடுப்பங்கரையில் வற்றல் மிளகாய் சரம் சரமாகத் தொங்கினால் அதைப் பற்றி ஒரு கடிதம்கூட வருவதில்லை. என் கட்சி வேறு. சான்று வாய் திறக்காத இடத்தில் கதாசிரியருக்கு முழு உரிமை உண்டு. சான்று தெளிவாகப் பேசும் இடத்தில் எள்ளளவும் கிடையாது. நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதலாம் இராசராசனின் அண்ணனான சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையையே எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய தம்பிமார், மக்கள், மனைவியர், மாமன்மார், பெண்ணை மணந்தவர்கள் வரை எல்லோருடைய உடைமையையும் பறிமுதல் செய்ய வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரச ஆணையை அதில் படிக்கலாம். ஏன் கொன்றார்கள், எங்கே கொன்றார்கள், ஏவியவர் யார் என்பவற்றுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் மீது வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி ஐயப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். வழக்கு இன்னும் முடியவில்லை.

இதைவிட நல்ல இடம் ஒரு நாவலாசிரியருக்குக் கிடைக்காது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' கொலையைக் கடம்பூர் மாளிகையில் வைத்தது. 2023இல் வந்த திரைப்படத்தின் இரண்டாம் பாகமும் அங்கேயே வைத்தது. இரண்டுக்கும் அந்த உரிமை உண்டு. நாளை ஒருவர் காஞ்சியில் வைத்தாலும் பாலாற்று மணலில் வைத்தாலும் யாரும் தடுக்க முடியாது. தொல்லை, கடம்பூரைக் கல்வெட்டே சொன்னதுபோல மேடையில் பேசுகிறவர்களால்தான் வருகிறது.

இன்னும் எழுதப்படாத கதையும் அந்த ஒரே கல்வெட்டில் கிடக்கிறது. பட்டியலில் ஒருவனுக்குப் பஞ்சவன், அதாவது பாண்டியன் பெயரில் பட்டம். இன்னொருவனுக்குச் சோழன் பெயரில் பட்டம். பிரமாதிராஜன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசர் கொடுத்த பட்டம். ஆக, இவர்கள் காட்டில் பதுங்கித் திரிந்த சதிகாரர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. அரண்மனைக்கு அன்றாடம் வந்துபோன அலுவலர்களாகவும் இருந்திருக்கலாம். 985இல் இராசராசன் பட்டத்துக்கு வரும்வரை, உத்தம சோழன் ஆண்ட பதினைந்து ஆண்டு அளவும், இவர்களுடைய சொத்து ஏன் கைவைக்கப்படாமல் இருந்தது? மூன்று பாகம் எழுதலாம். வாள்வீச்சே வேண்டாம்.

கற்பனைக்குத் தேவையே இல்லாத இடங்களுக்கு வருகிறேன். முதலில் சாப்பாடு. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498க்குப் பிறகு போர்த்துகீசியர் வழியாக வந்தவை. இவை இல்லாமல் விருந்துக் காட்சி வெறிச்சென்று போகும் என்று கலை இயக்குநர்கள் நினைக்கிறார்கள் போலும். அம்பாசமுத்திரத்தில் ஒன்பதாம் நூற்றாண்டு வரகுண பாண்டியன் கல்வெட்டைப் பார்த்தால் போதும். இறைவனுக்குப் படைக்கக் காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று வகை பிரித்து, காயத்துக்கு, அதாவது மசாலாவுக்கு, மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி என்று ஐந்தும் எண்ணிக் கொடுத்திருக்கிறது. நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, வெற்றிலை, பாக்கு எல்லாம் கோயில் கல்வெட்டுகளில் அளவோடு கிடைக்கின்றன. இலை நிறைந்துவிடும்.

செடிகொடிகளில் நடக்கும் பிழை இன்னும் எளிதாகக் கண்ணில் படும். வெளிப்புறப் படப்பிடிப்பில் பின்னணி முழுக்கச் சீமைக் கருவேலம்; அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. சப்பாத்திக்கள்ளி, தைலமரம், தூங்குமூஞ்சி மரம், செம்மயிற்கொன்றை, காகிதப்பூ எல்லாம் வெளிநாட்டு வரவுகள். துலுக்கச் செவ்வந்தி மாலை சோழ இளவரசன் கழுத்தில் விழக் கூடாது. எல்லாவற்றிலும் வேடிக்கை நாகலிங்கப் பூ. சிவன் கோயில்தோறும் இன்று அந்த மரம் நிற்பதால், சோழ அரசி நாகலிங்கப் பூவால் அருச்சிப்பது யாருக்கும் உறுத்தாது. அந்த மரத்தின் பூர்வீகம் தென்னமெரிக்கா. இதற்கு மாற்று தேடச் செலவே இல்லை. பனை, தென்னை, புன்னை, மருதம், இலுப்பை, ஆல், மூங்கில் இருக்கும் இடமாகப் பார்த்துக் கேமராவை வைக்கலாம். ஊரெங்கும் கருவேலம்தான் என்றால் அடிவானத்தைச் சட்டகத்துக்கு மேலே தள்ளி ஆற்றையும் வயலையும் காட்டலாம்.

கட்டடம் அவ்வளவு எளிதல்ல. ஆதித்த கரிகாலன் வாழ்ந்தபோது தஞ்சைப் பெரிய கோயில் இல்லை. அது 1010இல் குடமுழுக்குக் கண்டது. அங்குள்ள பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. அம்மன் சன்னிதி பிற்காலப் பாண்டியர் பணி. வானளாவிய வண்ணச் சுதைக் கோபுரங்கள் எதையும் பத்தாம் நூற்றாண்டுக் காட்சியில் வைக்க வழியில்லை. அந்த நூற்றாண்டின் முகம் வேண்டுமென்றால் புள்ளமங்கை, சீனிவாசநல்லூர், கும்பகோணம் நாகேசுவரன் கோயில், கொடும்பாளூர் மூவர் கோயில் என்று போக வேண்டும். அரண்மனைக்கு மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை நம்பினால் பதினேழாம் நூற்றாண்டின் வளைவுகள் சோழர் தலைமேல் நிற்கும். சோழர் கட்டடக்கலை தூணும் உத்தரமும் சார்ந்தது. கங்கைகொண்டசோழபுரம் மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது கிடைத்தவை செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும். அதாவது செங்கல், மரம், ஓடு. பளிங்குத் தரையும் முப்பது அடிக் கண்ணாடிச் சாளரமும் செலவையும் கூட்டி உண்மையையும் கெடுக்கின்றன.

உடைக்கு நேரடிச் சான்று கண்முன் இருக்கிறது. பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்கள். சுந்தரர் யானை மேலும் சேரமான் பெருமாள் குதிரை மேலும் செல்லும் காட்சி ஒன்று போதும்: முடி முடிந்த விதம், குதிரையின் சேணம், மெல்லிய துணியின் கரை எல்லாம் அதில் தெரிகின்றன. தஞ்சைச் சித்திரை வெயிலில் ரோமாபுரி மார்புக் கவசம் மாட்டிய வீரனை அங்கே தேடினாலும் காண முடியாது.

ஓலை விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். திரையில் ஓலைச்சுவடியை நெருக்கத்தில் காட்டுகிறார்கள். அதில் இன்றைய பாடநூல் எழுத்து, புள்ளியெல்லாம் கச்சிதமாக. லை, னை, ணா, றா என்ற இன்றைய வடிவங்கள் 1978 அரசாணைக்குப் பின் பொது வழக்குக்கு வந்தவை. சோழர் காலத்தில் மெய்க்குப் புள்ளி அரிதாகவே இடப்பட்டது. எகரமும் ஏகாரமும் எழுத்தில் இன்றுபோலப் பிரிந்தது வீரமாமுனிவருக்குப் பின். பாண்டிய நாட்டிலிருந்து ஒற்றன் ஓலை கொண்டுவந்தால் அதில் வட்டெழுத்து இருக்க வேண்டும். ஆயிரத்தைக் குறிக்க ஒன்றும் மூன்று சுழியமும் போடக் கூடாது. ௲ என்ற தனிக் குறி உண்டு. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் எழுதச் சொன்னால் அரை நாள் வேலை. செப்பேட்டைச் செய்தி அனுப்பும் கடிதமாகக் காட்டுவது இன்னொரு வழக்கம். செப்பேடு நிலக்கொடைப் பத்திரம். ஆனைமங்கலம் பெரிய செப்பேடு 21 ஏடு, சுமார் 30 கிலோ. அதை இடுப்பில் செருகிக்கொண்டு மதில் ஏறிக் குதிக்க முடியாது.

தொலைவும் நேரமும் நாவல்களிலேயே அதிகம் சறுக்குகின்றன. ஒரு நாழிகை 24 நிமிடம். தஞ்சையிலிருந்து பழையாறை ஏறத்தாழ 35 கிலோமீட்டர், நடுவில் காவிரியின் கிளையாறுகள். ஒரே குதிரையில் நடையும் ஓட்டமுமாகப் போனால் ஒன்பது, பத்து நாழிகை ஆகும். கதைகளில் இரண்டு நாழிகையில் முடிந்துவிடுகிறது. காஞ்சியிலிருந்து தஞ்சை சுமார் 250 கிலோமீட்டர். குதிரையை மாற்றாமல் போனால் ஐந்தாறு நாள். பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் நான்கையும் கடக்க வேண்டும். ஆடிப் பெருக்கென்றால் கொள்ளிடக் கரையில் ஓடத்துக்குக் காத்திருக்கும் நாளையும் சேர்க்க வேண்டும். கதைக்கு இது தடை ஆகாது. செய்தி வந்து சேர ஆறு நாள் ஆகும் என்பதிலேயே பாதிச் சதி விளைந்துவிடும்.

பணத்தில் நடப்பதைச் சொன்னால் சிரிப்பார்கள். கதாநாயகன் ஓடக்காரனிடம் பொற்காசு முடிப்பைத் தூக்கி எறிகிறான். இராசராசன் கால விலையில் ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல். கலம் என்பது நெல் அளவை. முடிப்பில் நூறு காசு என்றால் 200 கலம். பெரிய கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுக்கு, அதாவது கோயில் ஆடல் மகளுக்கு, ஆண்டு முழுமைக்கும் கிடைத்த பங்கு 100 கலம். ஒரு முறை ஆற்றைக் கடத்திவிட்டதற்கு இரண்டு ஆண்டு ஊதியம்!

அந்தத் தளிச்சேரிக் கல்வெட்டு கதை எழுதுகிறவர்களுக்குப் பெரிய களஞ்சியம். நானூறு பெண்கள், எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று கணக்கு. நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம் போன்ற பெயர்கள் வரிசையாக இருக்க, நம் நாவல்களில் சோழ நாட்டுப் பெண்களுக்கு இன்றைய தொலைக்காட்சித் தொடர்ப் பெயர்கள் எதற்கு? 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்ற நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி பெரிய கோயில்தான். நகைப் பட்டியல்களில் முத்து எத்தனை, எடை எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி என்பதுவரை இருக்கிறது.

இனி 'இப்படி நடந்திருந்தால்' வகை. தமிழில் இப்போது இது பெருகிவருவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் காலப்பயணி ஒருவன் சோழரிடம் போய் வெடிமருந்து செய்யக் கற்றுத் தருகிறான் என்று தொடங்கி, அடுத்த அத்தியாயத்தில் பீரங்கி முழங்கினால் படிப்பதை நிறுத்திவிடலாம். நூறு பங்கு வெடிமருந்தில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. கரி ஊரெல்லாம் கிடைக்கும். வெடியுப்புக்கு மாட்டுத் தொழுவத்து மண்ணையும் பழைய மண்சுவர் உப்பையும் சுரண்டிக் கரைத்து, சாம்பல் நீர் சேர்த்து வடித்து, காய்ச்சி ஆறவிட்டுப் படிகம் எடுக்க வேண்டும். மழை பெய்தால் மண்ணிலுள்ள உப்பு கரைந்து போய்விடும். ஆகவே கோடையில் மட்டுமே வேலை நடக்கும். கந்தகம் தமிழகத்தில் வெட்டி எடுக்கக் கிடைக்காது. எரிமலை உள்ள சுமத்ரா, சாவகம் (ஜாவா) பக்கத்திலிருந்து கப்பலில் வர வேண்டும். 1025இல் அந்தச் சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிசயத்தின் மேல் படையெடுத்த அரசுக்குக் கந்தகம் எந்த விலைக்கு வரும், யார் அனுப்புவார்கள்? கதை அங்கே தொடங்குகிறது. பீரங்கிக் குழலை வெடிக்காமல் வார்ப்பது இன்னொரு நூற்றாண்டுப் பாடு.

காலயந்திரம்கூடத் தேவையில்லை. சீனத்துச் சோங் அரசு 1044இல் தொகுத்த போர்க்கலை நூலில் வெடிமருந்துக் கலவைகள் இருக்கின்றன. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனம் சென்றன. கடைசிக் குழுவில் 72 பேர். அந்த 72 பேரில் ஒருவன் அந்தக் குறிப்பை மனப்பாடம் செய்துகொண்டு நாகப்பட்டினத்தில் இறங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியது ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் அந்தக் காலத்து விலையிலும் அந்தக் காலத்து வேகத்திலும் நடக்க வேண்டும். ஓர் அத்தியாயத்துக்கு ஓர் அற்புதம் என்று வைத்தால் அது மாயாசாலக் கதை. அதுவும் நல்ல வகைதான், ஆனால் அட்டையில் அப்படியே போட்டுவிட வேண்டும்.

உங்கள் ஞாயிறு மலரில் அடுத்த சரித்திரத் தொடர் தொடங்கும்போது ஒன்று செய்யுங்கள். மாதம் ஒருமுறை, அத்தியாயத்தின் கீழே கால் பத்தி இடம் ஒதுக்கி, அந்த மாதம் வந்தவர்களில் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இருப்பவர் யார், ஆசிரியர் படைத்தவர் யார் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். வந்தியதேவன் என்றால், தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராகப் பெயர் உண்டு, சாகசங்கள் கற்பனை. நந்தினி என்றால், முழுக்கக் கற்பனை. இந்த அளவு போதும். ஓவியரிடமும் தொடர் நடக்கும் ஆண்டைச் சொல்லிவிடுங்கள். 1010க்கு முந்தைய கதையென்றால் படத்தின் பின்னணியில் பெரிய கோயில் விமானம் வேண்டாம்.

இப்படிக்கு,
கல்வெட்டு வாசிக்கும் வாசகர் ஒருவர்,
கும்பகோணம்