கேள்விக்குறி இல்லை, அதுவே நல்ல செய்தி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, உன் நாட்டுப்பாடல் வலைத்தளத்துக்கு வருகிறேன். சர்வர் மாற்றிய மறுநாளே தமிழ் எல்லாம் குப்பையாகிவிட்டது என்று பதறியிருக்கிறாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில ஆர், கொஞ்சம் தள்ளி மறுபடியும் அதே ஜோடி. கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை என்று பார்த்ததும்தான் எனக்கு உயிரே வந்தது. தரவுத்தளத்தில் கேள்விக்குறியாகப் பதிந்துவிட்டால் எழுத்து போனது போனதுதான். உனக்கு எழுத்து பத்திரமாக இருக்கிறது, படிக்கிற விதம்தான் தப்பு.

எல்லா மொழி எழுத்தையும் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ('கி' என்றால் க ஒரு குறி, அதன் கொக்கி இன்னொரு குறி). முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. அதை லத்தீன்-1, அதாவது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய முறை, என்று நினைத்துப் படித்தால் அந்தச் சாய்கோட்டு ஏ வரும். இரண்டாவது பைட்டில் இரண்டே வகை, அதில் ஒன்றுதான் வட்டத்து ஆர்.

இவ்வளவு வருஷம் வராதது இப்போது ஏன்? உன் தளம் 2006-ல் தொடங்கியது. உன் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் எழுத்துமுறையைக் குறிக்கும் வரி 2007-ல் 2.2 பதிப்போடுதான் வந்தது. உன் பழைய கோப்பில் அந்த வரியே இல்லை. அதனால் தமிழ் லத்தீன்-1 என்ற பெயரிலேயே உள்ளே போனது, அதே பெயரில் வெளியே வந்தது, யாருக்கும் தெரியவில்லை. சர்வர் மாற்றிக் கொடுத்தவர்கள் புதுக் கோப்பு எழுதி அதில் யூடிஎஃப்8எம்பி4 (4 பைட் வரை ஏற்கும் முழு யூடிஎஃப்-8) என்று போட்டிருப்பார்கள். 'கேஷை அழித்துப் பாருங்கள்' என்று அவர்கள் சொன்னதைப் படித்தபோது கோபமே வந்தது. கேஷுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போதைக்கு அந்த வரியில் லத்தீன்1 என்று மாற்று. நான் நினைப்பது சரியென்றால் தமிழ் உடனே திரும்பிவிடும். ஆனால் அது ஒட்டுப்போட்ட வேலைதான். நிரந்தரமாகச் சரிசெய்ய, லத்தீன்-1 என்றே சொல்லி தரவுத்தளத்தை டம்ப் எடுக்க வேண்டும், அதாவது முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுக்க வேண்டும். அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் தமிழாகத் தெரிய வேண்டும். அப்புறம் அட்டவணைகளை உருவாக்கும் வரிகளிலும் கோப்பின் தொடக்கத்தில் எழுத்துமுறையைச் சொல்லும் வரியிலும் மட்டும் லத்தீன்1 என்பதை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, யூடிஎஃப்8எம்பி4 என்றே சொல்லி புதுத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். வெறும் யூடிஎஃப்8 போடாதே. உன் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் அது 3 பைட்டோடு நின்றுவிடும், தமிழுக்குப் போதும், 4 பைட் எமோஜி நிற்காது.

இந்த வேலை முடியும்வரை புதுப் பதிவு எதையும் போடாதே. அட்டவணை இன்னும் லத்தீன்-1-தான். கான்ஃபிக் வரி யூடிஎஃப்8எம்பி4 என்று இருக்கும்போது தமிழைச் சேமித்தால் ஒன்று சேமிக்க மறுக்கும், இல்லையென்றால் நாம் பயந்த அந்தக் கேள்விக்குறிகள் நிஜமாகவே பதிந்துவிடும். பழைய சர்வர் கணக்கையும் ரத்து செய்யாதே, ஒரு மாத வாடகை போனால் போகட்டும். கிராமத்துப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய தாலாட்டும் ஒப்பாரியும் அதில் இருக்கின்றன. பாடியவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. அதை இன்னொரு தடவை யாரிடம் போய்க் கேட்பது?

தலைப்பு நீளமானால் லிங்க் பாதியில் அறுந்துபோகிறது என்றும் கேட்டிருந்தாய். வேர்ட்பிரஸ் அதற்கு 200 இடம்தான் தருகிறது. முகவரியில் ஒரு பைட்டுக்கு 3 இடம் வீதம் ஒரு தமிழ்க் குறி 9 இடம் பிடிக்கும், ஆக 22 குறிதான். இரண்டு மூன்று சொல்லிலேயே நிரம்பிவிடும். இனிமேல் போடும் பதிவுகளுக்குச் சின்னப் பெயராக நீயே கொடுத்துவிடு.

ஞாயிறு சாயங்காலம் எனக்கு நேரம் இருக்கிறது, டம்ப் வேலையைச் சேர்ந்தே செய்யலாம். உன் பாஸ்வேர்டை வாட்ஸாப்பில் அனுப்பாதே. எனக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து கொடு, வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்