1948 தொடர் ஓட்டத்துக்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒலிம்பிக் தொடர் ஓட்டங்கள் பற்றி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட அட்டவணையில், 1948 லண்டன், ஆண்கள் 4×100 மீட்டருக்கு நேரே 'அமெரிக்கா தங்கம், பிரிட்டன் வெள்ளி' என்று மட்டும் இருந்தது. தப்பில்லை, முடிவு அதுதான். ஆனால் அந்த வெள்ளிக்கு முன்னால் பிரிட்டன் கையில் தங்கம் இருந்தது, அதை வாங்கிய நால்வரில் ஒருவர் வேல்ஸ்காரர் கென் ஜோன்ஸ்.

வெம்ப்ளி மைதானத்தில் அமெரிக்கா 40.6 வினாடியில் முதலில் வந்தது, பிரிட்டனுக்கு 41.3. கடைசி நூறு மீட்டர் ஜோன்ஸ் ஓடினார். அமெரிக்காவின் யூவெல், ரைட்டிடம் பேட்டனை, அதாவது ஓட்டக் குச்சியை, கொடுத்தது கைமாற்றுவதற்குக் குறித்த எல்லைக்கு வெளியே என்று நடுவர்கள் சொல்லிவிட, அமெரிக்கா நீக்கப்பட்டு, பிரிட்டனுக்குத் தங்கம் கொடுத்து பரிசளிப்பும் முடிந்துவிட்டது. சில நாள் கழித்து பிலிமை ஓட்டிப் பார்த்தால், பேட்டன் கைமாறியது எல்லைக்கு உள்ளேதான்! தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இத்தாலி வெள்ளியை விட்டு வெண்கலத்துக்கு இறங்கியது, பாவம் ஹங்கேரிக்கு எதுவும் மிஞ்சவில்லை.

பள்ளி நாட்களில் நானும் கடைசி ஆளாக ஓடியவன். சுண்ணாம்புக் கோட்டில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும், முன்னால் ஓடும் மூன்று பேர் என்ன செய்தாலும் நாம் ஒன்றும் பண்ண முடியாது. அந்தச் சில வினாடிகளே தாங்காது. ஜோன்ஸோ ஓடி முடித்து, மெடலும் வாங்கிய பிறகு, வேறொரு அணியின் இரண்டு பேர் எந்த இடத்தில் கை நீட்டினார்கள் என்பதற்காகக் காத்திருந்தவர்.

இத்தனைக்கும் அவர் ஊரில் அவரை நினைப்பது இதற்காக இல்லை. பிளைனாவன் என்ற இரும்பு, நிலக்கரி ஊரில் 1921-இல் பிறந்த ஜோன்ஸ், ரக்பியில் வேல்ஸுக்காக ஓரத்தில் ஓடும் விங் ஆட்டக்காரராக 44 ஆட்டங்கள் ஆடியவர். 1953 டிசம்பரில் கார்டிஃபில் நியூசிலாந்தோடு ஆட்டம். கிளெம் தாமஸ் பந்தை மைதானத்தின் குறுக்கே உதைக்க, எந்தப் பக்கம் துள்ளும் என்றே சொல்ல முடியாத அந்த முட்டை வடிவப் பந்து ஜோன்ஸ் கைக்கு வாகாக எழும்பியது, அப்புறம் அவர் காலை யார் பிடிப்பது? 13–8, வேல்ஸுக்கு வெற்றி. அதற்குப் பிறகு இன்றுவரை வேல்ஸ் நியூசிலாந்தை வென்றதே இல்லை, அதனால்தான் அந்த ஒரு ஓட்டத்தை அங்கே இன்னும் பேசுகிறார்கள்.

சரி, பேசட்டும். ஆனால் அந்தக் கால்கள் தடகளத்தில் பழகியவை. அடுத்த ஆண்டே, 32 வயதில், வான்கூவர் காமன்வெல்த் போட்டியில் 220 கஜத்தில் வெண்கலம், அதே மாதக் கடைசியில் பெர்ன் ஐரோப்பியப் போட்டியில் தொடர் ஓட்ட வெள்ளி. இரண்டு ஆட்டத்திலும் சம்பளம் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

அடுத்த முறை அட்டவணை போடும்போது 1948-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் கீழே இரண்டு வரியும் சேர்க்க முடியுமா?

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
கோவில்பட்டி