அப்பாவுக்கு, ஃப்ரைபுர்கிலிருந்து

ஃப்ரைபுர்க், ஜெர்மனி
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அப்பாயி, அண்ணன், அண்ணி எல்லோரும் நலமா? போனில் பேசினால் "சாப்பிட்டியா, ரொம்பக் குளிரா" என்று இரண்டு கேள்வியோடு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். போன வாரம்தான் மூன்றாவதாக ஒன்று கேட்டீர்கள்: "அங்க என்னதாம்மா வேலை பாக்குற?" பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அதைப் போனில் சொல்லவும் முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். பழைய ஊர்ப் பகுதியில் தெருவுக்குத் தெரு ஒரு சின்ன வாய்க்கால் ஓடுகிறது. ஒரு தாண்டில் தாண்டிவிடலாம். 'பெக்லே' என்கிறார்கள். ட்ரைசாம் ஆற்றுத் தண்ணீர், பல நூறு வருஷமாக ஓடுகிறது. கோடையில் குழந்தைகள் மரப்படகைக் கயிற்றில் கட்டி அதில் இழுத்துக்கொண்டு போவார்கள். துடைப்பமும் கையுமாக ஆட்கள் வந்து அடைப்பெடுப்பார்கள். வந்த புதிதில், பாஷை புரியாமல், யாரையும் தெரியாமல் இருந்த நாட்களில், அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான் எனக்குத் துணை. இப்போது நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அரிசி, பருப்பு சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுகிறேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். வயிற்றில் இருக்கும் கருவுக்கு மூளை எப்படி உண்டாகிறது என்பதுதான் நாங்கள் பார்ப்பது. மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு மெல்லிய குழாய்தான். அந்தக் குழாயின் சுவர் முழுக்க ஸ்டெம் செல்கள். எந்த நரம்பணுவாகவும் ஆகக்கூடியவை, இன்னும் எதுவும் ஆகாதவை. யார் எதுவாக வேண்டும் என்று அவற்றுக்கு யார் சொல்வது?

இதை உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் யாரும் இல்லை அப்பா. குழாயின் அடிப்பக்கம் ஒரு புரதம் சுரக்கிறது. சானிக் ஹெட்ஜ்ஹாக் என்று பெயர், ஒரு வீடியோ கேமில் வரும் முள்ளெலியின் பெயரை வைத்துவிட்டார்கள். அது சுரந்த இடத்தில் நிறைய இருக்கும், மேலே போகப் போகக் குறையும். தலைமடைக்கு வயல் நிறைய, கடைமடைக்கு மண் நனைகிற அளவு. ஒவ்வொரு செல்லும் தனக்கு எவ்வளவு வந்தது, எத்தனை நேரம் நின்றது என்பதை வைத்தே தான் என்னவாவது என்று முடிவு செய்கிறது. அடியில் இருப்பவற்றில் ஒரு கூட்டம் கைகாலை அசைக்கும் நரம்பணுவாகும். மேலே முதுகுப் பக்கத்திலிருந்து பி.எம்.பி., விண்ட் என்று வேறு புரதங்கள் எதிர்த்திசையில் இறங்கி வருகின்றன. அந்தப் பக்கத்துச் செல்கள் தொடுகை, வலி போன்றவற்றைக் கவனிக்கும் நரம்பணுக்களாகும்.

ஒன்று மட்டும் நம் ஊர் மாதிரி இல்லை. நம் கடைமடைக்குத் தண்ணீர் குறைந்தால் பயிர் கருகுகிறது. இங்கே குறைவாக வருவதும் ஒரு செய்தி. குறைவாக வாங்கிய செல்லுக்கும் தனி வேலை இருக்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று, ஜூன் 12 மேட்டூர் திறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு நம் மதகடியில் போய் நின்றுகொண்டிருப்பீர்களே, அந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் இதைத் தட்டில் செய்து பார்க்கிறேன். எலியின் ஸ்டெம் செல்லை வளர்த்து, அடிப்பக்கத்துப் புரதம் தரும் அந்தச் செய்தியை அளந்து விட வேண்டும். தசைக்கான நரம்பணு ஆகப்போகிற செல்கள் பச்சையாகவும், புரதம் சுரக்கும் இடத்துக்கு இன்னும் நெருக்கத்தில் வருகிற வகை சிவப்பாகவும் தெரிகிற மாதிரி சாயமேற்றுவோம். போன பிப்ரவரியில் கரைசல் கலக்கும்போது கணக்கில் தசமப் புள்ளி இடம் மாறி, பத்து மடங்கு விட்டுவிட்டேன். மைக்ராஸ்கோப்பில் பச்சையைத் தேடுகிறேன், தட்டு முழுக்கச் சிவப்பு. ஒரு வார உழைப்பு போயிற்று. ஆனால் அளவு ஒன்று மாறினால் தலையெழுத்தே மாறும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் விதைநெல். "பட்டினி கிடந்தாலும் விதைக்கோட்டையைப் பிரிக்காதே" என்று அப்பாயி சொல்லும் இல்லையா? மூளையும் அதையே செய்கிறது. ஒரு செல் நரம்பணுவாகப் புறப்பட்டால், தன் மேல்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டும். பக்கத்துச் செல்லில் இருக்கும் 'நாட்ச்' என்ற இன்னொரு புரதம் அதைத் தொட்டதும் அறுபடும். அறுந்த துண்டு உட்கருவுக்குள் போய், "நீ இரு, இப்போது போகாதே" என்று அந்தச் செல்லைப் பிடித்து நிறுத்தும். நாட்ச் வேலை செய்யாத எலிக் கருவில் எல்லாச் செல்லும் அவசரப்பட்டு நரம்பணுவாகிவிடுகின்றன. விதை தீர்ந்துவிடுகிறது. பின்னால் வர வேண்டியவை வருவதே இல்லை. பெருமூளையின் மேற்பட்டையில் இந்த நரம்பணு விளைச்சல் எலிக்கு ஏறக்குறைய ஒரு வாரம், மனிதக் கருவுக்கு மூன்று மாதத்துக்கும் மேல். நம் மூளை இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு இந்தப் பொறுமை ஒரு முக்கியக் காரணம். அந்த நீட்டுகிற புரதத்தின் பெயர் என்ன தெரியுமா? டெல்டா! அந்தப் புரதம் கெட்டுப்போன பழ ஈக்களின் இறக்கை நரம்புகள், ஆறு கடலில் சேரும் இடம் மாதிரி ஓரத்தில் அகன்றிருந்ததால் வைத்த பெயர்.

இந்த ஊரில் ஒரு பெண் இருந்தார், ஹில்டே மான்கோல்ட். இங்கேதான் ஹான்ஸ் ஸ்பேமான் என்ற கருவியல் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். கண்ணாடி ஊசியையும் பச்சைக் குழந்தையின் தலைமுடியில் செய்த சுருக்கையும் கருவியாக வைத்துக்கொண்டு வேலை செய்த காலம். வெளிர் நிறத் தண்ணீர்ப்பல்லியின் கருவிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, கருநிறக் கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார். அங்கே இரண்டாவதாக ஒரு மூளையும் தண்டுவடமும் முளைத்தன. நிறத்தைப் பார்த்தால், அவை பெரும்பாலும் கருநிறக் கருவின் சொந்தச் செல்கள். ஒட்டிய துணுக்கு தானே மூளையாகவில்லை, அக்கம்பக்கத்தை ஆக்கியிருக்கிறது. 1924இல் கட்டுரை வெளிவந்தது. அதே வருஷம் வீட்டு அடுப்பு வெடித்து, கைக்குழந்தையை விட்டுவிட்டு அவர் இறந்துபோனார். வயது 25. ஸ்பேமானுக்கு 1935இல் நோபல் கிடைத்தது. அந்தத் துணுக்கு என்ன சொன்னது என்பது 1990களில்தான் தெளிவாயிற்று. "மூளையாகு" என்று அது சொல்லவில்லை. "தோலாகு" என்று வந்துகொண்டிருந்த பி.எம்.பி. செய்தியைத் தடுத்தது, அவ்வளவுதான். தடுத்த இடத்தில் மூளை வந்தது. மதகை அடைப்பதும் நீர்ப்பாய்ச்சலில் ஒரு வேலை என்று உங்களுக்குத் தெரியும். இரவு நேரத்தில் செல்களுக்கு உணவு மாற்றும்போது அவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

முக்கியமான ஒன்று. அண்ணி அடுத்த குழந்தைக்கு யோசிப்பதாக அம்மா சொன்னார்கள். நான் சொன்ன அந்தக் குழாய், கரு உண்டான நாலே வாரத்தில் மூடிக்கொள்ள வேண்டும். அப்போது பலருக்கு உண்டாகியிருப்பதே தெரிந்திருக்காது. மூடாவிட்டால் குழந்தைக்கு முதுகுத்தண்டிலோ தலையிலோ குறை வரும். ஃபோலிக் ஆசிட் மாத்திரை அந்த ஆபத்தை நிறையக் குறைக்கும். ஆனால் உண்டான பிறகு தொடங்கினால் தாமதம், ஒரு மாதம் முன்னாலேயே தொடங்க வேண்டும். வழக்கமான அளவு தினம் 400 மைக்ரோகிராம். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் கேட்டு இந்த வாரமே வாங்கச் சொல்லுங்கள். அண்ணனிடமும் சொல்லுங்கள், மறந்துவிடுவான்.

மழை எப்படி? வயலில் தண்ணீர் நிற்கிறதா, வடிந்ததா? அறுப்புக்கு வந்துவிடுவேன் என்று அப்பாயியிடம் சொல்லுங்கள். விதைக்கோட்டை கட்டும்போது நானும் இருக்க வேண்டும்.

உங்கள் அன்பு மகள்